பீலிக்கரைப் படியில் ஓர் ஆட்டக்காரர்: இணையவழிப் பாத்திர விளையாட்டுக்குக் கருவிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் குழுவில் ஆறு பேர் இருக்கிறோம். நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் நகருக்குச் சற்று வெளியே வசிக்கிறேன். இருவர் கொழும்பில் வேலை செய்கிறார்கள். தங்கை பேராதனையில் படிக்கிறாள். 1964-ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பமொன்றைச் சேர்ந்த மச்சான் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து சேர்ந்துகொள்கிறார். ஆறாவது ஆளான தம்பி மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஒரு காம்பராவில் இருக்கிறான். அவனுக்குக் காம்பராவுக்குள் சிக்னல் கிடைப்பதில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு இறங்கும் படிக்கட்டின் மூன்றாம் படியில் நின்றால் இரண்டு கோடு கிடைக்கும். இந்த வழிகாட்டி முழுவதையும் அந்த மூன்றாம் படியை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதையை நடத்திச் செல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் முடிவெடுத்தும், முடிவு எப்படிப் போகும் என்று தெரியாத இடங்களில் தாயக்கட்டை உருட்டியும் ஆடுவதையே இங்கு பாத்திர விளையாட்டு என்கிறேன். அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு மூலம். கதையை நடத்துபவரைப் பொதுவாகக் கேம் மாஸ்டர் என்பார்கள். எங்கள் குழுவில் கூத்துப் பழக்கத்தால் வாத்தியார் என்கிறோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன். மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடும் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு, வேறொருவராக நின்று பேசுவதைப் பற்றி நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எந்தச் செயலியை எதற்குத் திறப்பது என்பதை விளக்கத்தான் மாதக்கணக்கில் ஆனது.

அதற்குக் காரணம் நான்தான். எந்த மென்பொருளில் வசதிகள் அதிகம் என்று பார்த்துத் தொடங்கினேன். விலை கொடுத்து ஒன்றை வாங்கினேன், நிழலும் வெளிச்சமும் தானாக மாறும் வரைபடங்களை அமைத்தேன், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மடிக்கணினி உள்ள நான்கு பேர் மட்டும் ஆடினோம். தம்பியின் திரையில் வரைபடம் பாதி வரை வந்து நின்றுவிடும். தங்கையின் பழைய கைப்பேசி சூடேறி அணைந்துவிடும். கருவியைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் மேசையில் மிகக் குறைந்த வசதியோடு அமர்ந்திருப்பவரே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதற்படி: எல்லோரிடமும் கேட்டு ஒரே தாளில் எழுதுங்கள்

எந்தச் செயலியையும் பதிவிறக்கும் முன், ஆட்டக்காரர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். குழுவில் பொதுவாகக் கேட்டால், தன்னிடம் கணினி இல்லை என்பதை முதலில் சொல்ல யாரும் விரும்பமாட்டார்கள். கைப்பேசியா, மடிக்கணினியா, கைப்பேசி என்றால் நினைவகம் எவ்வளவு, வீட்டு இணையமா, ரீலோட் போட்டுப் பயன்படுத்தும் டேட்டாவா, ஒலிவாங்கி உள்ள இயர்போன் இருக்கிறதா, இரவு எட்டு மணிக்குத் தொந்தரவின்றிப் பேச இடம் இருக்கிறதா, தமிழில் தட்டச்சு செய்யத் தெரியுமா. கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றும், ஆனால் பின்னால் பெரிதாகும்.

இணைய வேகத்தை ஆட்டம் நடக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்கு அளந்த வேகத்துக்கும், தோட்டம் முழுவதும் வேலை முடிந்து போனைக் கையிலெடுக்கும் இரவு எட்டு மணி வேகத்துக்கும் தொடர்பே இருக்காது. ஒரு முறை அளந்தால் போதும். வேகச் சோதனையே டேட்டாவைத் தின்னும். வாத்தியாராக இருப்பவர் மட்டும் பதிவிறக்க வேகத்தோடு பதிவேற்ற வேகத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். அது எதற்கு என்று நான்காம் படியில் தெரியும்.

பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் வந்த மிகத் தாழ்ந்த விடையைச் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள். எங்கள் தாளில் வட்டமிட்டவை: 3 ஜிபி நினைவகமுள்ள கைப்பேசி, ரீலோட் டேட்டா, கூரையில்லாத இடம். இந்த மூன்றையும் தாங்காத கருவி, எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்களுக்கு ஆகாது.

இரண்டாம் படி: கருவிக்கு முன் விளையாட்டு

எந்த விதிமுறையில் ஆடப்போகிறீர்கள் என்பதே பாதிக் கருவிகளை நீக்கிவிடும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்றவற்றில் சண்டை வந்தால், 5 அடிக்கு ஒரு சதுரம் என்ற கணக்கில் யார் எங்கே நிற்கிறார் என்பது முக்கியம். அதற்கு எல்லோரும் காணும் ஒரு வரைபடம் வேண்டும். ஃபேட் போன்ற விதிமுறைகளில் இடத்தை ஏறத்தாழச் சொன்னாலே போதும். குரல் மட்டும் இருந்தால் ஆட்டம் நடந்துவிடும். ஃபேட் கட்டையில் கூட்டல், கழித்தல், வெறுமை என்று மூன்று குறிகளே உண்டு. அந்தக் கட்டை ஹட்டன் கடைகளில் கிடைக்காது. சாதாரண ஆறுமுகக் கட்டையில் 1, 2 விழுந்தால் கழித்தல், 3, 4 விழுந்தால் வெறுமை, 5, 6 விழுந்தால் கூட்டல் என்று கொண்டால் வேலை முடிந்தது.

தமிழில் ஆடுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் அதை மொழிபெயர்க்கலாம், பகிரலாம். அடிப்படை விதிகளை இரண்டு பக்கத் தமிழில் சுருக்கி எழுதி, படமாக அல்லாமல் எழுத்தாகவே குழுவுக்கு அனுப்பினோம். எந்த மென்பொருளையும்விட அந்த இரண்டு பக்கமே புதியவர்களுக்கு அதிகம் உதவியது.

மூன்றாம் படி: முதலில் குரல், மற்றதெல்லாம் பிறகு

வரைபடம் இல்லாமல் ஆட்டம் நடக்கும். குரல் இல்லாமல் நடக்காது. ஆகவே குரலுக்கான கருவியைத் தனியாகத் தேர்ந்தெடுங்கள். வரைபட மேசைகள் சிலவற்றில் குரலும் காணொளியும் உள்ளடங்கியே வரும். ஆனால் ஒன்று விழுந்தால் இரண்டும் சேர்ந்து விழும் என்பதால், அவை வலுவான இணைப்பு உள்ள குழுக்களுக்கே பொருந்தும்.

மூன்று மணி நேர ஆட்டத்துக்கு இடையில் அறுபடாத அழைப்பு வேண்டும். கூகுள் மீட் இலவசக் கணக்கில் மூவரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேரும் அழைப்பு 60 நிமிடத்தில் முடிந்துவிடும்; ஸூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான். வட்ஸ்அப் குழு அழைப்பில் 32 பேர் வரை சேரலாம், நேர எல்லை இல்லை, எல்லோர் கைப்பேசியிலும் ஏற்கெனவே இருக்கிறது. குழு உரையாடல் செயலியான டிஸ்கோர்டின் குரல் அறையிலும் நேர எல்லை இல்லை. வெளியே போனவர் யாரையும் அழைக்காமல் தானே திரும்பி வரலாம். இணைப்பு அடிக்கடி அறுபடும் எங்கள் நிலைக்கு இந்த ஒரு பண்பே டிஸ்கோர்டைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணம். தொலைபேசி அழைப்பைப் போல மறுபடி மணி அடித்து ஒருவரை உள்ளே எடுக்க வேண்டிய தேவை இல்லை. மூன்றாம் படிக்குச் சிக்னல் திரும்பியதும் தம்பி தானாக அறைக்குள் வந்துவிடுகிறான்.

இனிக் கணக்கு. டிஸ்கோர்ட் குரல் அறையின் இயல்பு அளவு விநாடிக்கு 64 கிலோபிட். ஒருவர் இடைவிடாமல் பேசினால் மணிக்கு ஏறத்தாழ 29 மெகாபைட் ஆகும். பாத்திர விளையாட்டில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒருவரே பேசுவதால், மூன்று மணி நேர ஆட்டத்துக்கு 100 மெகாபைட்டுக்குச் சற்று மேலே கணக்கு வைத்துக்கொள்ளலாம். அறையின் அமைப்பில் அந்த அளவை 32-க்குக் குறைத்தால் செலவும் பாதியாகும். பேச்சுக்கு அந்தத் தரம் தாராளம். இப்போது காணொளியைப் பாருங்கள். ஒரு முகத்துக்கு விநாடிக்கு 500 கிலோபிட் என்றால், ஐந்து முகங்களுக்கு மணிக்கு 1,125 மெகாபைட். மூன்று மணிக்கு 3 ஜிபியைத் தாண்டும். ரீலோட் போட்டு ஆடும் ஒருவரிடம் முகம் காட்டச் சொல்வது, அவருடைய வாரத்து டேட்டாவைக் கேட்பதற்குச் சமம். எங்கள் மேசையில் காணொளியை அடியோடு நிறுத்திவிட்டோம்.

டிஸ்கோர்டில் குரல் அறையின் வட்டாரத்தை மாற்றும் வசதியும் உண்டு. ஹட்டனும் கூடலூரும் சேர்ந்து ஆடும்போது அதை இந்தியா அல்லது சிங்கப்பூர் என்று வைத்துப் பாருங்கள். இரண்டில் எதில் குரல் தாமதமின்றி வருகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மலையகத்துக்கே உரிய சிக்கல் ஒன்றைப் பொதுவான வழிகாட்டிகள் சொல்வதில்லை: தகரக் கூரையில் விழும் மழை. தம்பி மழைக்கு ஒதுங்கி லயத்து முன்வாசலில் நின்று பேசினால், அவன் குரலைவிடத் தகரத்தின் ஓசையே எங்களுக்கு அதிகம் கேட்கும். டிஸ்கோர்டில் இரைச்சலை அடக்கும் அமைப்பு இருக்கிறது. ஒரே சீராகப் பெய்யும் மழையை அது நன்றாகவே அடக்கும், ஆனால் அடைமழையில் பேச்சின் ஓரங்களையும் சேர்த்து வெட்டிவிடும். அதைவிடப் பயன் தந்தது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கம்பியுள்ள இயர்போன். அதன் ஒலிவாங்கியைச் சட்டைக் காலரில் செருகி வாய்க்கு அருகே வைத்ததும் பாதிச் சிக்கல் தீர்ந்தது. பேசாத நேரத்தில் ஒலிவாங்கியை மூடி வைப்பது மீதிப் பாதியைத் தீர்த்தது.

ஆட்ட நாட்களைக் குறிக்கும்போதும் வானத்தைப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தை நனைக்கும். அப்போது பதுளை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்திருக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலுக்குப் பின் இடியோடு மழை வரும்; அந்த மாதங்களில் ரவுட்டரின் வயரைக் கழற்றிவிட்டுக் கைப்பேசி டேட்டாவில் ஆடுவதே நல்லது.

நான்காம் படி: வரைபட மேசை வேண்டுமா, எவ்வளவு வேண்டும்

பெரும்பாலோர் தொடங்கும் இடம் இதுதான். நானும் இங்கேதான் தவறினேன். வரைபட மேசை என்பது எல்லோரும் ஒரே படத்தைக் கண்டு, அதன் மேல் தம் காய்களை நகர்த்தும் இணையப் பலகை. இதில் மூன்று நிலைகள் உண்டு. கனமானது மேலானது என்று எண்ணிவிடாதீர்கள்.

முதல் நிலையில் மேசையே இல்லை. கணக்குப் பாடத்துக்கு வாங்கும் சதுரக் கோட்டுக் கொப்பியில் பென்சிலால் வரைந்து, படமெடுத்து, குழுவில் போட்டுவிட்டு, “நீ ரெண்டாவது ரோதைக்குப் பக்கத்துல நிக்கிற” என்று வாயால் சொல்லிவிடலாம். எங்கள் முதல் நல்ல ஆட்டம் இப்படித்தான் நடந்தது. கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்று. மேல் மாடியில் கொழுந்து வாட்டும் தட்டுகள், கீழே ரோதைகள் என்னும் இயந்திரங்கள், இருட்டில் யாரோ தப்படிக்கும் ஓசை. இயந்திரங்களின் காவல் தெய்வமான ரோதைமுனிக்குப் படையல் வைக்காமல் இயந்திரத்தைத் தொட்டவனுக்கு என்ன ஆகும் என்பதை என் ஆட்டக்காரர்களுக்கு எந்த விதிப்புத்தகமும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் நிலைக்கு அவுல்பேர் ரோடியோவைச் சொல்வேன். உலாவியிலேயே இயங்குகிறது, வாத்தியார் மட்டும் கணக்குத் திறந்தால் போதும், மற்றவர்கள் இணைப்பைத் தொட்டதும் உள்ளே வந்துவிடுவார்கள், கைப்பேசியில் விரலால் காயை நகர்த்தலாம், இன்னும் போகாத இடங்களை மூட்டம் போட்டு மறைத்து வைக்கலாம். விதிகளை அது கணக்கிடாது; அந்தக் குறைதான் அதை இலேசாக வைத்திருக்கிறது. சிவப்பு வட்டமிட்ட தாளில் கைப்பேசி இருந்தால் இங்கே நின்றுவிடுங்கள் என்பதே என் தீர்ப்பு.

மூன்றாம் நிலையில் ரோல்20, ஃபவுண்ட்ரி, ஃபேண்டஸி கிரவுண்ட்ஸ் முதலியவை வருகின்றன. பாத்திரத் தாள், தாக்குதல் கணக்கு, யார் முறை என்ற வரிசை, பார்வைக்கு எட்டும் இடம் மட்டும் தெரியும் ஒளியமைப்பு எல்லாம் இவற்றில் உண்டு. 2012-இல் தொடங்கிய ரோல்20 உலாவியில் இயங்குவது. இலவசக் கணக்கில் 100 மெகாபைட் சேமிப்பு கிடைக்கும், தானாக மாறும் ஒளியமைப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். சிறிய கைப்பேசித் திரையில் வரைபடத்தையும் பாத்திரத் தாளையும் ஒன்றாகத் திறந்தால் இரண்டும் தெரியாது. ஃபேண்டஸி கிரவுண்ட்ஸை ஒவ்வொருவரும் தம் கணினியில் நிறுவியாக வேண்டும். கைப்பேசிக்காரர் வாசலிலேயே நின்றுவிடுவார். 2020-இல் வெளிவந்த ஃபவுண்ட்ரியை வாத்தியார் மட்டும் ஒரு முறை வாங்கினால் போதும், மற்றவர்கள் உலாவி வழியாகச் சேரலாம். ஆறு பேரிடமும் மடிக்கணினி இருந்தால் என் முதல் தேர்வு அதுவே. ஆனால் அது கைப்பேசித் திரைக்காகச் செய்யப்பட்டதல்ல. குறைந்தது 1366 × 768 அளவுத் திரையை எதிர்பார்க்கிறது.

ஃபவுண்ட்ரியில் மலையகத்தவர் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டிய இன்னொன்று, மேசை எங்கே இருக்கிறது என்பது. ரோல்20, அவுல்பேர் போன்றவற்றில் மேசை அவர்களுடைய சேவையகத்தில் இருக்கிறது. வாத்தியார் வீட்டில் கரண்ட் போனாலும் மற்றவர்கள் முன் பலகை அப்படியே இருக்கும். ஃபவுண்ட்ரியை உங்கள் கணினியிலேயே இயக்கினால், மின்கம்பியில் ஒரு கிளை விழுந்ததும் ஆறு பேரின் மேசையும் ஒன்றாக மறையும்.

படம் அனுப்பும் பாரமும் உங்கள் தலையில்தான். 5 மெகாபைட் வரைபடத்தை ஐந்து பேருக்கு அனுப்ப 25 மெகாபைட், அதாவது 200 மெகாபிட் வெளியேற வேண்டும். உங்கள் பதிவேற்ற வேகம் விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் அதற்கு 100 விநாடி ஆகும். அவ்வளவு நேரமும் உங்கள் குரலும் அதே வாய்க்காலில் நெரிபடும். முதற்படியில் பதிவேற்ற வேகத்தைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். அதே படத்தை வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றி 600 கிலோபைட்டுக்குச் சுருக்கினால் 12 விநாடியில் போய்விடும். ஒரு சதுரத்துக்கு 70 புள்ளி என்பது ரோல்20-இன் இயல்பு அளவு; 24 சதுர நீளமும் 16 சதுர அகலமும் கொண்ட எங்கள் தொழிற்சாலைக்கு 1680 × 1120 புள்ளிப் படமே போதுமானது. அதற்கு மேலுள்ள தெளிவு கைப்பேசித் திரையில் யாருக்கும் தெரியப்போவதில்லை.

சொந்தக் கணினியில் இயக்குவோருக்கு இன்னொரு தடையும் உண்டு. சிம் போட்ட ரவுட்டர்களில் பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். அப்படியானால் வெளியிலிருந்து யாரும் உங்கள் கணினியை நேரே எட்ட முடியாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் காட்டும் வெளிமுகவரியையும், “என் முகவரி என்ன” என்று இணையத்தில் தேடினால் கிடைக்கும் முகவரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், குறிப்பாக ரவுட்டர் காட்டுவது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ரவுட்டரில் எந்தக் கதவைத் திறந்து வைத்தும் பயனில்லை. கிளவுட்ஃபிளேர் டனல் போன்ற சுரங்கவழிச் சேவையைப் பயன்படுத்தலாம், அல்லது த ஃபோர்ஜ் போன்ற வாடகைச் சேவையகத்தில் மேசையைப் போடலாம். பின்னதுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். ஆனால் கரண்ட் கவலையும் பதிவேற்றக் கவலையும் அதோடு போய்விடும்.

ஐந்தாம் படி: கட்டை, பாத்திரத் தாள், தமிழ் எழுத்து

கட்டைக்கு ஒரே விதி: உருட்டியது எல்லோர் கண்ணிலும் பட வேண்டும், பிறகு போய்ப் பார்க்கவும் முடிய வேண்டும். டிஸ்கோர்டில் அவ்ரே போன்ற உருட்டும் இயந்திரக் கணக்கைச் சேர்த்தால் எண் உரையாடலிலேயே பதிவாகிவிடும். கையால் உருட்டித்தான் ஆடுவேன் என்பவரை விட்டுவிடுங்கள். தாயம் விழும் ஓசையில் சுகம் காண்பவர்கள் அவர்கள்.

பாத்திரத் தாளுக்குக் கூகுள் ஷீட்ஸ் போதும். செயலியில் அந்தக் கோப்பை இணையமின்றித் திறக்கும்படி வைத்துக்கொள்ளலாம். சிக்னல் போன நேரத்திலும் தன் பாத்திரத்தின் உயிர்ப்புள்ளி எவ்வளவு என்று ஆட்டக்காரருக்குத் தெரிய வேண்டும்.

தமிழ் எழுத்தில்தான் எதிர்பாராத சிக்கல்கள் வருகின்றன. இலங்கையில் இன்னும் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள்; அது யூனிகோட் அல்ல. அதில் எழுதிய கதைச்சுருக்கத்தை உலாவியில் ஒட்டினால் புரியாத உரோமன் எழுத்துக் குவியலாகவே தெரியும். எங்கள் வாத்தியார்களில் ஒருவர் எட்டுப் பக்கப் பின்கதையை இப்படி ஒட்டியபோது, அதை மந்திரவாதியின் இரகசிய எழுத்து என்று நம்பி அரை மணி நேரம் அர்த்தம் தேடினோம். எழுதியதை முதலில் யூனிகோட்டுக்கு மாற்றிவிடுங்கள். கைப்பேசி விசைப்பலகைகளில் வருவது எப்படியும் யூனிகோட்தான்.

டிஸ்கோர்டின் இலவசக் கணக்கில் ஒரு செய்திக்கு 2,000 எழுத்துக்குறி எல்லை. தமிழில் உயிர்மெய் பலவும் இரண்டு குறியாக எண்ணப்படும்: “மலைநாடு” நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு. நீண்ட வருணனைகளைப் பிரித்து அனுப்பத் தயாராக இருங்கள். வரைபடத்தின் மேல் பெயர் எழுதும் கருவியில் “கொழுந்து” என்று தட்டிப் பாருங்கள்; கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் சரியாக உட்கார்ந்தால் நல்லது, சிதறினால் பெயர்களைப் படத்திலேயே எழுதிவிட்டுப் பிறகு பதிவேற்றுங்கள்.

ஆறாம் படி: பணம்

ஃபவுண்ட்ரியின் பட்டியல் விலை 50 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 15,000 ரூபாய். 2024-இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது பதினொரு பேர், அதாவது பதினொரு நாள் வேலைக்குச் சற்று மேலே. இதைச் சொல்வது யாரையும் தடுப்பதற்காக அல்ல. குழுவில் கொழும்புச் சம்பளமும் தோட்டச் சம்பளமும் ஒன்றாக இருக்கும்போது “எல்லோரும் சமமாகப் போட்டுக்கொள்வோம்” என்ற பேச்சு சமமானதாக இருக்காது. வாத்தியார் மட்டும் வாங்கினால் போதுமான கருவிகளையே எடுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்க வேண்டியவற்றைத் தவிருங்கள்.

முதல் பத்து ஆட்டங்கள் முடியும் வரை எதையும் வாங்காதீர்கள். மாதச் சந்தாவைவிட ஒரு முறை விலை நல்லது, ஏனென்றால் பரீட்சைக் காலத்திலும் தேர்த்திருவிழாக் காலத்திலும் ஆட்டம் நின்றாலும் சந்தா நிற்காது. வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறக்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மென்பொருளைவிடப் பயனுள்ள செலவு ரவுட்டருக்கான சிறிய யூபிஎஸ். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின் தடைப்பட்டபோது அது பல வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. வாங்கும் முன் ரவுட்டரின் மின்மாற்றியில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள்: 9 வோல்ட்டா, 12 வோல்ட்டா, எத்தனை அம்பியர். மாற்றி வாங்கினால் ரவுட்டர் இயங்காமலோ எரிந்தோ போகலாம்.

ஏழாம் படி: நிறுத்தச் சொல்லும் வழி

நேரில் ஆடும்போது ஒருவர் முகம் வாடுவது தெரியும், குரலில் தெரியாது. ஆகவே, இந்தக் காட்சி வேண்டாம் என்று காரணம் சொல்லாமல் தெரிவிக்க ஒரு வழி இருக்க வேண்டும். உலகெங்கும் எக்ஸ் அட்டை என்று சொல்வதை, வாத்தியாருக்குத் தனிச்செய்தியில் ஒரு புள்ளி அனுப்புவது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். புள்ளி வந்ததும் யார் அனுப்பியது என்று சொல்லாமல் காட்சியை மாற்ற வேண்டும். மலையகத்தில் இது வெறும் சம்பிரதாயம் அல்ல. 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்தவர்கள் இங்கு இல்லை. கதையில் மலை சரியும் காட்சியை நான் ஒரு நாள் சாதாரணமாக எடுத்துவிட்டேன். அரை நிமிடத்துக்குள் புள்ளி வந்தது. அன்றிலிருந்து எந்தெந்தக் காட்சிகள் வரக் கூடாது என்பதை ஆட்டத் தொடக்கத்துக்கு முன்பே எழுதி வாங்குகிறேன்.

எட்டாம் படி: ஒத்திகையும் இறங்கும் படிகளும்

தேர்ந்தெடுத்த கருவிகளோடு, கதை எதுவும் இல்லாமல், அரை மணி நேரம் ஒத்திகை பாருங்கள். எல்லோரும் அறைக்குள் வந்து ஒரு வரி பேசுவது, ஒரு கட்டை உருட்டுவது, ஒரு காயை இரண்டு சதுரம் நகர்த்துவது, பிறகு வேண்டுமென்றே வெளியேறித் திரும்பி வருவது. வரைபடங்களை முந்தின நாளே ஒரு முறை திறந்து வைக்கச் சொல்லுங்கள். உலாவி அவற்றைச் சேமித்துக்கொண்டால் ஆட்ட நேரத்தில் பெரும்பாலும் மறுபடி இறக்க வேண்டியிருக்காது. நள்ளிரவுக்குப் பின் தனி டேட்டா தரும் பெக்கேஜ் வைத்திருப்பவர்கள் அந்த நேரத்தில் திறப்பது இலாபம்.

பிறகு, எது விழுந்தால் எங்கே போவது என்பதை எழுதி, குழுவின் மேலே குத்தி வையுங்கள். எங்களுடையது இது: வரைபடம் விழுந்தால் கொப்பிப் படத்துக்குப் போவோம், டிஸ்கோர்ட் விழுந்தால் வட்ஸ்அப் அழைப்பு, வாத்தியார் விழுந்தால் பதினைந்து நிமிடம் காத்திருந்து, அதன் பிறகு பாத்திரங்கள் தமக்குள் பேசிக்கொண்டிருக்கலாம், யாரும் கதவைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு ஆட்டக்காரரும் தன் பாத்திரத்துக்கு ஒரு காவலாளைச் சொல்லி வைக்க வேண்டும். சிக்னல் போனால் அந்தப் பாத்திரத்தைக் காவலாள் பார்த்துக்கொள்வார், ஆனால் ஆபத்தான காரியத்தில் இறக்கமாட்டார்.

கடைசிப் படி குறுஞ்செய்தி. டேட்டா முழுவதும் போன பின்னும் பல நேரங்களில் குறுஞ்செய்தி போய்ச் சேரும். செய்ய நினைப்பதை ஆட்டக்காரர் எழுதி அனுப்ப, வாத்தியார் அதை வாசித்துவிட்டு, எல்லோருக்கும் தெரியும்படி அவருக்காகக் கட்டையை உருட்டுவார். ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி தமிழில் 70 எழுத்துக்குறியே கொள்ளும். அதைத் தாண்டினால் இரண்டாகப் பிரிந்து காசும் இரண்டாகும். போன மாதம் மழையில் மூன்றாம் படியும் கைவிட்டபோது தம்பி அனுப்பியது: “தீப்பந்தத்தை அணைத்துவிட்டு ரோதைக்குப் பின்னால் ஒளிகிறேன்”. எண்ணிப் பார்த்தேன், 56.